எடுத்த படி

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு
ஹ்வான்னசுண்ட் துறைமுக அலுவலகத்தில்
கறுப்புத் திரையில் ஒரே ஒரு சொல் தட்டுவேன்:
காப்பு.

பெய்னிர் எழுதிய நிரல் அது.
எண்ணெய்க் கப்பலில் வேலை கிடைத்துப் போகும் முன்
ஒரே இரவில், அறுபத்தெட்டு வரி.
"வட்டைப் போடு. என்டர் தட்டு. வேறெதிலும் கை வைக்காதே."
அவன் பேசுவதும் இப்படித்தான்.

நடுவே ஒரு வரி:
இருபது வினாடி சும்மா இரு.
அதன் தலைமேல் அவனுடைய குறிப்பு:
"ஏன் என்று எனக்கும் தெரியாது. எடுத்துவிட்டால் ஓடாது."
அந்த இருபது வினாடி
ஜன்னல் வழியே அலைத்தடுப்பைப் பார்ப்பேன்.
சில வாரம் ஒரு கடல்நாய்.
சில வாரம் வெறும் மழை.

பிறகு வட்டு எரியத் தொடங்கும்.
எரித்துத்தான் காப்பாற்ற வேண்டும் என்று
முதலில் கேட்டபோது சிரித்தேன்.
கடைசியில் ஒரு சுழியம் வரும்.
சுழியம் என்றால் குறையில்லை.
உறைமேல் தேதி எழுதி
பூட்ஸ் பெட்டிக்குள் அடுக்கிவிட்டு
விளக்கணைத்து வீட்டுக்குப் போவேன்,
கடமை முடித்தவளின் நடையோடு.

ஜனவரிப் புயலில்
மின்சாரம் மூன்று முறை போய்ப் போய் வந்தது.
நான்காம் முறை வன்தட்டு
டிக் டிக் என்றது, பல்லியைப் போல.
அப்புறம் அதுவும் இல்லை.

தலைநகரிலிருந்து ஓலம்:
எந்தப் படகு எத்தனை கிலோ இறக்கியது,
திங்கட்கிழமைக்குள் கணக்கு வேண்டும்.
"இருக்கிறது" என்றேன். "பெட்டி நிறைய இருக்கிறது."

முதல் வட்டில் ஓர் அடைவு.
அடைவுக்குள் ஒன்றுமில்லை.
அடுத்ததிலும்.
அதற்கடுத்ததிலும்.
தரையில் உட்கார்ந்தேன்.

அலுவலகத்துக்கு வண்ணம் அடித்த கோடையில்
நான்தான் புதிய அடைவு திறந்து
எல்லாவற்றையும் அதற்குக் குடிமாற்றினேன்.
பழையதை அழிக்க மனம் வராமல்
காலியாக விட்டுவைத்தேன்.
நிரலுக்கு யாரும் புது விலாசம் சொல்லவில்லை.
நூற்று நாற்பத்தொரு வெள்ளிக்கிழமை
வெறுங்கையால் முழம் போட்டிருக்கிறேன்.

அங்கோலாக் கரைக்கப்பால் கப்பலில் இருந்தவனை
போனில் பிடித்துச் சொன்னேன்.
இருபது வினாடி சும்மா இருந்தான்.
பிறகு,
"அது பொய் சொல்லவில்லை, மார்யுன்.
காலியை எடுக்கச் சொன்னாய்.
காலியைப் பத்திரமாக எடுத்திருக்கிறது."

பனிச்சேற்றில் வீடு வீடாகப் போனேன்.
சமையலறைக் காலண்டரில் பென்சில் கிலோக்கள்,
மீன் ஆலைத் தராசின் மங்கிய சீட்டுகள்,
ஒருவர் தன் படகின் கதவுப் பின்புறத்தையே
கழற்றி எடுத்து வந்து நீட்டினார்.
பாதிக்குமேல் தேறியது.
தேறாத பாதிக்காக
ஹோக்னி யாகப்சன் இன்னும் என்னோடு
முகம் கொடுத்துப் பேசுவதில்லை.
வட்டுகளைப் பிள்ளைகள் கொண்டுபோய்
வேலியில் கட்டினார்கள்.
மைனா போன்ற அந்தக் கறுப்புக் குருவிகள்
ஒரு வாரம் பயந்தன.

பிப்ரவரியில் நிரலைத் திறந்தேன்.
விலாசத்தைத் திருத்தினேன்.
அறுபத்தொன்பதாம் வரியிலிருந்து என் கையெழுத்து:
வட்டை வெளியே தள்ளு, மறுபடி விழுங்கு,
ஒவ்வொரு கோப்பையும் மூலத்தோடு ஒப்பிடு.
எண்ணிக்கை குறைந்தால் கத்து.
அதற்கு மேலே ஒரு குறிப்பும் எழுதினேன்,
அவன் பாணியில்:
"எடுத்த படியைப் படி."
இருபது வினாடியைத் தொடவில்லை.

இப்போது வேலை முடிய நாற்பது நிமிடம் கூடுதல்.
காய்ந்த ஆட்டிறைச்சியைச் சீவித் தின்றபடி
காத்திருக்கிறேன்.

சுழியம் வந்தது.
நம்பவில்லை.
எது என்று பாராமல் ஒரு கோப்பைத் திறந்து
உரக்கப் படித்தேன்:
"மார்ச் பதினொன்று. ஹோக்னியின் படகு.
ஹாடக் மீன், எண்ணூற்று நாற்பது கிலோ.
காற்று வடமேற்கு."

வாசலில் கயிறு சுற்றிக்கொண்டிருந்தவர்
திரும்பாமலே சொன்னார்:
"தொள்ளாயிரம்."